கூப்பிடாமல் நின்றவர்

செவ்வாய்க்கிழமை காலை பாலர் பள்ளி ஆயா தொலைபேசியில் அழைத்தார். "சகுந்தலா டீச்சர் தவறிப் போயிட்டாங்க சார்." சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் பிள்ளைகளுக்கான அந்தப் பாலர் பள்ளியை நடத்தியவர் அவர். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். அவரிடம் பிள்ளைகளை விட்ட பெற்றோர்களான நீங்கள் அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆகவே, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான்கு வயது வள்ளி எல்லாப் பிள்ளைகளையும் கடிப்பாள். அவள் அப்பா சூளையில் வேலை செய்தார். குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிப்பார். ஒரு நாள் அம்மாக்கள் திரண்டு வந்தார்கள்.

"நாய்க்குட்டிகூட இப்பிடிக் கடிக்காது டீச்சர். அவள நிறுத்துங்க. இல்லாட்டி எங்க புள்ளைங்கள நிறுத்திக்கிறோம்."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அதுக்குப் பேச்சு வரதுக்கு முன்னாடியே பயம் வந்துடுச்சும்மா. வாய்க்கு வேற வேல தெரியல. கொஞ்ச நாள் பொறுங்க."

பிள்ளைகள் மூக்குடைந்த பீங்கான் பொம்மைகளை வைத்து அப்பா அம்மா விளையாட்டு ஆடுவார்கள். அப்பாவாக நடிக்கும் பையன் வந்ததும் வள்ளி பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் பதுங்குவாள். அதைக் கவனித்த டீச்சர் தாமே அப்பாவானார். தினமும் வாசலில் நின்று செருமிவிட்டு மெதுவாக உள்ளே வருவார். வள்ளி பதுங்குவாள். பல நாள் கழித்து மூலையிலிருந்து குரல் வந்தது.

"குடிச்சிருக்கியா?"

"இல்லம்மா. பசிக்குது."

வள்ளி எழுந்து வந்து மண் சோறு பரிமாறினாள். முன்பு தான் கடித்த பையனுக்கும் ஒரு பிடி வைத்தாள்.

அது நீடிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் அவள் அம்மா அடிபட்டு இறந்தார். அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. பிள்ளையை ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். அங்கே அவள் யாரோடும் பேசவில்லை, விளையாடவில்லை. டீச்சர் மாதந்தோறும் பஸ் ஏறிப் போனார். ஒருமுறை நானும் சென்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை ஓரம் தெரிந்தது. டீச்சர் வாசலில் நின்றபடியே பெரியம்மாவிடம் மழை, நெல் என்று பேசிவிட்டுக் கிளம்பினார்.

"ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன், பஸ்ஸில்.

"கூப்பிட்டா வந்துடுவா சார். பயத்துல வருவா. அப்பிடி வர வேணாம்."

டீச்சர் போய்வந்த காலம் முழுதும் வள்ளி வெளியே வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கூப்பிடாமல் நின்ற அந்த நிற்பைத்தான். வரும் ஞாயிறு அவருக்குப் பதிலாக நான் போக வேண்டும். பெரியம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசிவிடுவேன். டீச்சர் ஏன் வரவில்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.