மொதல்ல அவியட்டும், அப்புறம் படம்

எங்கள் அம்மா செடெனாக் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். சிறுவயதுக் காய்ச்சல் ஒன்று அவருடைய வலது காலை எடுத்துக்கொண்டது. அப்பா மறைந்தபின் செனாய்ப் பட்டணத்தில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ஊன்றுகோலைப் பார்த்ததும் கையை விரித்தார்கள். என்னையும் தம்பியையும் வளர்க்கச் சொந்தத் தொழிலைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

தனித்து வாழும் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசத் தொழில் பயிற்சி என்று ஒரு குழு வந்தது. ஒரு நாள் பேச்சு, பெரிய பேனர், ஆளுக்கொரு தையல் மெஷினோடு படம். படம் எடுத்து முடிந்ததும் மெஷின்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். "அடுத்த எடத்துக்கு வேணும்லா ஆண்ட்டி" என்றாராம் ஒருவர். அதன்பின் யார் சிரித்துக்கொண்டு வந்தாலும், வேன் எங்கே நிற்கிறது என்றுதான் அம்மா பார்ப்பார். எனக்கும் அதே புத்திதான்.

பிறகு வேறொரு பயிற்சி. வகுப்பு, கீழே காப்பிக்கடை இருந்த ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், லிப்ட் கிடையாது. அம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, "நடக்க முடியாதவங்களுக்குப் பாடம்னு சொல்லிட்டு மேல யாருக்கு நடத்துறீங்க?" என்று சத்தம் போட்டார். பயிற்றுநர் அம்மையார் இறங்கி வந்து, "தப்புதான்க்கா" என்று சொல்லி வகுப்பைக் கீழே காப்பிக்கடைக்கு மாற்றினார். அதுவும் நடிப்போ என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். ஆனாலும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. விலை வைப்பதையும், தன் உழைப்புக்கும் கூலி சேர்ப்பதையும் அங்கேதான் கற்றார்.

முடிவில் இடியாப்பம் அவிக்கப் பெரிய ஸ்டீமர் கொடுத்தார்கள். கேமராவைக் கண்டதும் அம்மா மாவு பிசைய ஆரம்பித்துவிட்டார். "மொதல்ல அவியட்டும், அப்புறம் படம். ஒரு தடவ புழங்கிட்டா திருப்பிக் கேக்க மாட்டீங்கல்ல?"

அந்த ஸ்டீமர்தான் எங்களைப் படிக்க வைத்தது. பின்னாளில் அந்தப் பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அம்மாவே பாடம் நடத்தினார், எப்போதும் கீழ்த்தளத்தில். சிறுநீரகக் கோளாறால் படுத்திருந்தபோதும், "ஸ்டீமர யாராச்சும் கேட்டு வந்தாங்களா?" என்று விசாரிப்பார்.

அம்மாவின் நல்லடக்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, அந்தப் பயிற்றுநரும் அம்மாவிடம் படித்தவர்களும் வாசலில் நின்றார்கள். பக்கத்திலேயே ஒரு வேன்.

"ஸ்டீமர் எங்க இருக்கும்மா?" என்றார் பயிற்றுநர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "குழி மண்ணுகூட காயல, அதுக்குள்ளயா?" என்றேன்.

"ஐயோ, இல்லம்மா. காலைலேர்ந்து நீங்க யாருமே சாப்பிடலையே. மாவு கொண்டாந்திருக்கோம்."

வேனிலிருந்து மாவும் தேங்காயும் இறங்கின.

மருத்துவமனையில் துணையிருந்தவர்கள், ஜெபித்த ஆலயத்தார், அண்டை வீட்டார், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அவித்துப் பரிமாறியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. சமையலறை வாசலில் நின்று நான் அவர்களைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை.

— மகள்