தானாக நகர்ந்த அம்புக்குறி

அந்தப் பகுதியில் அவளுக்குப் 'பிளக் அக்கா' என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று யார் போன் செய்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, பிளக் ஒழுங்காகச் சொருகியிருக்கிறதா என்பதுதான். சிலருக்கு அதைக் கேட்டதும் சுருக்கென்று கோபம் வரும். முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கிவிடும். இப்போது ஓடுகிறது, தானாகவே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்பார்கள். சில நேரம் அப்படித்தான் ஆகும் என்று அவளும் ஒத்துக்கொண்டு போனை வைத்துவிடுவாள். யாருடைய மானத்தையும் வாங்கி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வீடு வீடாகப் போகத் தொடங்குவதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியின் உதவி எண்ணில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத திரைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் வேலை. ஜனங்கள் திரையில் பார்த்ததைச் சொல்லமாட்டார்கள், தங்களுக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்வார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். 'என்னமோ திட்டுதுங்க' என்றால் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கிறது. 'முறைச்சுக்கிட்டே நிக்குது' என்றால் மெஷின் உறைந்துபோயிருக்கிறது. ஒரு அம்மாள் இன்டர்நெட்டையே அழித்துவிட்டேன் என்று அழுதார். அழிந்தது திரையிலிருந்த ஒரு சின்னப் படம், அவ்வளவுதான்.

கம்பெனி அந்தப் பிரிவை இழுத்து மூடியதும் பழைய ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள். பஸ் ஓட்டும் அவள் கணவர், டாக்டர்கூட இப்போதெல்லாம் வீட்டுக்கு வருவதில்லை, நீ போகிறாயே என்று கொஞ்ச நாள் கேலி செய்து பார்த்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வீட்டில் மவுஸைத் தொடமாட்டாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் சொல்லுவாள். நேரம் இரண்டு பங்கு ஆகும். ஆனால் அதே கோளாறுக்கு அந்த வீட்டிலிருந்து மறுபடி போன் வராது.

மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டது அவருடைய மனைவி. கடையை விற்றுவிட்டு அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கி ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. மெஷினுக்கு என்ன கோளாறு என்று கேட்டால் அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மெஷினுக்கு என்னன்னு தெரியலம்மா. அது முன்னாடி உக்காந்தாலே அவருக்கு முகம் செத்துப்போயிடுது."

இரண்டாவது மாடி. சுத்தமான, சத்தமில்லாத வீடு. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர். அந்தத் துணியில் தூசி படிந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, இவள் வீணாக உங்களை அலைய வைத்துவிட்டாள் என்றார். கோளாறு உட்காருகிறவனிடம் இருந்தால் மெஷின் என்ன செய்யும் என்று தனக்குத்தானே பேசுவதுபோல் சேர்த்துக்கொண்டார்.

அவள் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் பேசிவிடுவார்கள் என்பதும் பழைய வேலையில் கற்றதுதான். மனைவி டீ போடப் போனதும் அவர் வாயைத் திறந்தார்.

போட்ட பாஸ்வேர்டு தப்பு என்கிறது. புதிதாக ஒன்று வைத்தால் சில நாளில் அதுவும் தப்பாகிவிடுகிறது. திறந்தே பார்க்காத மெயில்கள் படித்தவையாகக் கிடக்கின்றன. படித்த மெயில்கள் காணாமல் போகின்றன. போன மாதம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்திருக்கிறார். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், ஏதாவது உதவி செய் என்று இவர் மெயில் எழுதினாராம்.

"அப்படி எழுதின ஞாபகமே இல்லம்மா. ஆனா இல்லன்னு சொல்ல பயமா இருந்துச்சு. ஆமா, நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கடை நடத்திய காலம் முழுக்க எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் கையை நீட்டி எடுத்தவர் அவர். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தாலே போன தடவை என்ன வாங்கினார் என்று சொல்லிவிடுவார். அவருடைய அண்ணனும் அப்படித்தான் இருந்தாராம். கடைசிக் காலத்தில் அந்த அண்ணன் பெற்ற மகளையே பார்த்து, நீங்க யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டிருக்கிறார். அது தன் வாசலுக்கும் வரும் என்று இவர் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வந்துவிட்டது என்று முடிவு கட்டி, மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியதும் அதனால்தான்.

அவள் மெஷினைப் போடச் சொன்னாள். அது மெதுவாக விழித்தது. அதற்குள் டீ வந்தது. மூன்று பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். மவுஸ் மேசையில் தனியாகக் கிடந்தது. திரையிலிருந்த அம்புக்குறி அசைந்தது. கொஞ்சம் இடப்பக்கம் போய், நின்று, மெயில் படத்தின்மேல் ஏறியது.

மருந்துக்கடைக்காரர் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இதை அவர் முன்பும் பார்த்திருக்கிறார் என்பது அந்தத் திருப்பத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார், அம்பு நகருது. நானும் பாக்கறேன்."

அவர் திரும்பினார். "உனக்கும் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

அன்றைக்கு மட்டும் அவள் தன் வழக்கத்தை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து, இன்டர்நெட் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினாள். அம்புக்குறி நடுவழியில் நின்றுவிட்டது.

பிறகு அவரை உட்கார வைத்து, மெஷின் விழிக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தாள். அவற்றில் ஒன்று, எங்கோ இருக்கும் ஒருவர் இந்த மெஷினைத் தன் மெஷின்போல ஆட்டிவைக்க வழிவிடுவது. அதற்குத் திறந்து விட யாரும் வேண்டியதில்லை. மெஷின் ஓடினாலே போதும், அவன் உள்ளே வந்துவிடலாம். இதை யார் போட்டது என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான்தான்" என்றார் அந்த அம்மாள். டம்ளர்களை எடுக்க வந்தவர் அப்படியே நின்றிருந்தார்.

சோபா உறைக்குத் துணி வெட்டும் அளவை அவர் இன்டர்நெட்டில் தேடிக்கொண்டிருந்தபோது திரை சிவந்துபோய், வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணைக் கூப்பிடு என்று கத்தியிருக்கிறது. கணவர் வெளியே போயிருந்த நேரம். கண்டதையும் அழுத்தாதே என்று அவர் பலமுறை சொல்லியிருந்ததால், அவர் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். மறுமுனையில் பேசியவன் வார்த்தைக்கு வார்த்தை அம்மா என்றான். பொறுமையாக ஒரு புரோகிராமைப் போட வைத்தான். சிவப்பு போய்விட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்து மறந்துவிட்டார். கணவர் நாளுக்கு நாள் ஒடுங்கிப் போவதைப் பார்த்தும், இதையும் அதையும் முடிச்சுப்போட அவருக்குத் தோன்றவில்லை.

"அவ்வளவு மரியாதையா பேசினானேம்மா."

"மரியாதையா பேசறதுதாம்மா அவன் தொழிலே. ஸ்கிரீன்ல நம்பரைப் போட்டு, கூப்பிடுன்னு எந்தக் கம்பெனியும் கத்தாது. கத்தினா பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிடுங்க."

அவர் மனைவியைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து, "அப்போ திருடன்தானா?" என்று கேட்டார். திருடன்தான் என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருட வந்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

வேலை மறுநாளும் தொடர்ந்தது. அந்த மெஷினை நம்பாமல், அவருடைய செல்போனிலேயே மெயில் பாஸ்வேர்டை மாற்ற வைத்தாள். இனி புது இடத்திலிருந்து யார் உள்ளே நுழைந்தாலும் செல்போனுக்கு எண் வந்து, அதைப் போட்டால்தான் திறக்கும்படி செய்தாள். வரும் மெயிலெல்லாம் ஒரு பிரதி வேறொரு முகவரிக்குப் போகும்படி அவன் அமைத்து வைத்திருந்ததைத் தேடிப் பிடித்து எடுத்தாள். எதற்கும் வங்கியில் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள், அங்கே ஒன்றும் நடந்திருக்கவில்லை. போட்டோக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மெஷினை முழுதாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். அவர் நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, அந்த மெயில்களை எழுதியது தான் இல்லை என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பேச்சு வேறு பக்கம் போனது. கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டது, எதிர்வீட்டுக்காரர் பெயர் தொண்டைவரை வந்து நின்றது, ஒருநாள் தப்பான பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் காத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் திருட்டுப்பயல் தன்னை என்ன பாடு படுத்திவிட்டான் என்றார். டாக்டரைப் பார்க்க ரகசியமாக நேரம் வாங்கியிருந்தாராம், அதை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாராம்.

கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது உதவி எண்ணில் சட்டம். அவள் திரையிலிருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதி தாண்டியபோது பேசினாள்.

"சார், கம்ப்யூட்டர்ல நடந்ததுக்கு மட்டும்தான் அவன் பொறுப்பு. பஸ் ஸ்டாப்புக்கு அவன் வரல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடுங்க சார்."

அவர் நாற்காலியைத் திரையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு, "உன் வேலை கம்ப்யூட்டரோட சரிம்மா" என்றார். சரிதான் என்று அவளும் மீதி வேலையைப் பார்த்தாள். கிளம்பும்போது அவர் எழுந்து வரவில்லை. அந்த அம்மாள் மட்டும் படி இறங்கும் இடம்வரை கூடவே வந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர், உனக்கு ஏன் ஊர்வம்பு, நிம்மதியாக இருந்த மனுஷனைக் கிளறிவிட்டு வந்திருக்கிறாயே என்றார். அந்த வீட்டிலிருந்து இனி போன் வராது என்றே அவளும் நினைத்தாள். சில மாதங்கள் வரவும் இல்லை.

பிறகு ஒருநாள் அந்த அம்மாள் கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரர் முதலில் கொஞ்ச நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாராம். அப்புறம் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, நீயும் வா என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறார். மறதி என்று அவர் பயந்ததில் ஒரு பங்கு மறதியே இல்லை, காது மந்தம். சொன்னது காதில் விழுந்தால்தானே நினைவிருக்கும். அதற்குக் கருவி மாட்டியாகிவிட்டது. மீதிப் பங்கு அவர் பயந்ததேதான். ஆனால் அது இன்னும் ஆரம்பத்தில்தான் இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மெதுவாகத்தான் போகும் என்றார்களாம். அண்ணனைப்போல யாரும் கவனிக்காமல் முற்றவிடவில்லை என்பதை அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு அவள் அந்த வீட்டுக்கு அவ்வப்போது போய்வந்தாள். மேசைமுன் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் மெயிலைப் படிப்பார், அந்த அம்மாள் டைப் அடிப்பார். வந்த மெயில் ஏதாவது சந்தேகமாக இருந்தால் இருவரும் அதைத் தொடாமல் இவளுக்குப் போன் செய்வார்கள். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாத விளம்பரமாக இருக்கும். ஒருமுறை நிஜமாகவே தூண்டில் போட்ட மெயில், அதை அவர்தான் கண்டுபிடித்திருந்தார்.

கடைசியாக அவள் போனபோது கதவைத் திறந்தவர் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தார். முன்புபோல மழுப்பவில்லை. உள்ளே திரும்பி, "யார் வந்திருக்காங்கன்னு சொல்லு, எனக்குப் பிடிபடல" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.