தெருவுக்கு ஒரு நிறம்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்குள்ள விவசாயிகள் சங்கம், அறுவடை மிஷினுக்குப் பதிவு செய்ய ஒரு செயலி வேண்டும் என்றது. படித்து முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். நிறம் தேர்ந்தெடுக்கவே நான்கு நாள் மெனக்கெட்டேன். உச்சி வெயிலில் அப்பாவின் வயல் வரப்பில் போனோடு நின்று, எழுத்து தெரிகிறதா, கண் கூசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசியில் தேறியது ஓர் அடர்நீலம்.

சங்கக் கூட்டத்தில் காட்டினேன். தலைவர் தலையாட்டிவிட்டு, பதிவு செய்தவர்களின் பெயர்கள் தெருவுக்கு ஒரு நிறத்தில் வரட்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"டிரைவருக்கு ஒரே பார்வையில தெரியணும்லம்மா. எல்லாம் ஒரு வசதிக்குத்தான்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் ஊரில் தெருவைக் கேட்டவன் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அங்கிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். டீ வந்தது, உறிஞ்சிக் குடித்தார்கள்.

முடியாது என்று சொன்னேனா? இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம். வீட்டுக்கு வந்து, எங்கள் கீழத்தெருவுக்கு அந்த நீலத்தையே கொடுத்தேன். இருப்பதில் நல்ல நிறம் நமக்கு என்று ஓர் அற்ப சமாதானம் வேறு. சீ, என்ன பிழைப்பு.

அறுவடை வந்தது. அப்பா முதல் நாளே பதிந்துவிட்டதால் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவது. முன்பெல்லாம் மிஷின் ஓட்ட வரும் வெளியூர்க்காரருக்கு யார் வயல் எது என்று தெரியாது. சங்க நோட்டில் பதிந்த வரிசையில் அறுத்துக்கொண்டே போவார். இந்த முறை மிஷின் எங்கள் வயலைத் தாண்டித் தாண்டிப் போனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து, நெல் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது.

மழை விட்டதும் அப்பாவும் நானும் டிரைவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், எதையும் மறைக்கத் தெரியவில்லை. செயலியில் ஏதாவது கோளாறா என்று அவரிடம் கேட்டேன். அதில்தான் கோளாறாக இருக்க வேண்டும் என்று அப்போதும் எனக்கு ஓர் ஆசை.

"ஒரு கோளாறும் இல்லீங்க. நீலத்த மட்டும் கடைசியா பாத்துக்கச் சொன்னாங்க. எவ்வளவு வெயில்லயும் அது பளிச்சுன்னு தெரியுதுங்க."