சுண்டல் பொட்டலம்

கல்யாணமான புதிதில், இதே மாமல்லபுரம் கடற்கரையில், மனைவி ஆசையாக வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிடுங்கி மணலில் எறிந்தேன். கண்டவர் தொட்டதைத் தின்பதா என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வீடு மாதிரி சமையலறையும் படுக்கையும் உள்ள வாடகை வேனில் இருவரும் வந்திருக்கிறோம். வேனுக்குள்ளேயே, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கக்கூஸ். என் ஆசாரம் இன்று இந்த லட்சணத்தில் இருக்கிறது. வெளியே கூட்டம் கடலுக்கு முதுகைக் காட்டித் தன்னையே படமெடுத்துக்கொள்கிறது.

சுண்டல் விற்கும் பெண் வேனை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"இன்னா சாமி, வூட்டையே இஸ்துக்கினு வந்துக்கிறீங்க! அம்மா சமைக்கலியா?"

"அம்மாவுக்குத்தான்மா வாங்கறேன். மாங்காய் நிறையப் போடு."

பொட்டலத்தோடு வேன் படியில் நிற்கிறேன். மனைவி புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறாள்.

"அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. இதைச் சாப்பிடு."

கரண்டி நிற்கிறது. பொட்டலத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

"நாப்பது வருஷமா வெளியில ஒரு வாய் தொட்டதில்லை. இனிமே எறங்காது. உள்ளே கொண்டுவராதீங்கோ. அங்கேயே தின்னுட்டு, கை கால் அலம்பிண்டு ஏறுங்கோ."

மணலில் நின்று தனியாகத் தின்கிறேன். சுண்டல் நன்றாகத்தான் இருக்கிறது.