கல்தொட்டி நத்தைகளும் கும்பளங்கி ஞாயிறுகளும்

இன்று மட்டாஞ்சேரியில் மீன்தொட்டி விற்கும் கடைக்காரர் ஒரு குளத்து நத்தையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சாரே, இது பாசி மாத்திரமே திங்கும். பியூர் வெஜ்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், இதே மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா ஆம்பல் வளர்த்த கல்தொட்டி இருந்தது. ஆம்பல் வேரோடு வந்து சேர்ந்த நத்தைகள் ஒரே மாதத்தில் பச்சைப் பாசி முழுவதையும் சுரண்டித் தின்று கல்லைப் பளபளக்க வைத்துவிட்டன. மூச்சு வாங்க மேலே வரும். உடனே இறங்கி விட்ட இடத்தில் வேலையைத் தொடரும். அம்மா காபி டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"பாத்தியாடா, பாசியும் அழுகின இலையும்தான். பூவைத் தொடறதே இல்லை. நம்மாத்து மனுஷா மாதிரி, மீன் மாமிசம் கிடையாது."

ஒருநாள் காலையில், கொசுப்புழு தின்பதற்காக விட்டிருந்த மீன்களில் ஒன்று தொட்டியில் செத்துக் கிடந்தது. ஐந்து நத்தைகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன.

ஞாயிறுதோறும் பக்கத்துத் தீவான கும்பளங்கியில் சிநேகிதன் வீட்டில் நான் மீன் சாப்பிடுவது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்த காலம் அது.

"எல்லாத்தையும் எடுத்து ஓடையில போட்டுடவாம்மா?" என்றேன்.

அம்மா நத்தைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குடா? கும்பளங்கிக்குப் போய்ட்டு வரவனையே நம்மாத்துல வெச்சிண்டிருக்கேன்."

இன்று அந்தக் கடைக்காரரிடம் நான்கு நத்தைகள் வாங்கி வந்தேன். உங்கள் அம்மாவுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது?