தானாகத் தாவிய வீரன்

முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மனைவியிடம் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வாள். பொருள் சின்னதாக இருந்தால் அதைப் பிடிக்கிற கஷ்டமும் சின்னதாக இருக்கும் என்று நாற்பத்தொரு வயதுவரை நம்பியவன் நான். அந்த நம்பிக்கையில்தான் மச்சானுக்கு அந்தக் கையடக்க கேம் கன்சோலை வாங்கிக் கொடுத்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தான். மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் அந்த மெஷின் அவன் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தகடு என்று நினைத்துவிட்டது. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். உள்ளே கம்பி வைத்து, பிறகு கம்பியை எடுத்து, கட்டைப் பிரித்தபோது இரண்டும் இருந்தன, மடங்கத்தான் இல்லை. முருங்கைக்காய்த் துண்டு இரண்டை ஒட்டவைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இதை அவனிடமே சொன்னேன். அன்றைக்குச் சிரித்தான்.

பழைய வேலைக்குத் திரும்ப ஒரு சோதனை உண்டு என்றது கம்பெனி. தட்டு நிறைய போல்ட்டும் நட்டும் வைப்பார்கள். சொன்ன நேரத்துக்குள் அடிபட்ட விரல்களால் எடுத்து மாட்ட வேண்டும். மாட்டினால் அவன் மெஷின் அவனுக்கு. இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் கை தேறிவிட்டது என்று அவன் சொல்லும்போது. பிசியோதெரபி அம்மா இரண்டு மாதமாவது ஆகும் என்றார். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் வலி எடுக்கும்வரை அழுத்தச் சொன்னார். மச்சான் அதை இடது கையால் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்.

விபத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் பெரிய கேம் கன்சோலை மாட்டி ஒரு சூப்பர் ஹீரோ ஆட்டம் ஆடுவோம். அவன் கையில் அந்த வீரன் கட்டடம் கட்டடமாகத் தாவுவான். என் கையில் விழுந்துகொண்டே இருப்பான்.

“மாமா, அவன் ஊரக் காப்பாத்த வந்துகிறான். நீ அவனத் தெருவுல காயப் போட்டுக்கினு கீற” என்பான்.

அடிபட்ட கையால் அந்தப் பெரிய கன்சோலின் கைப்பிடியில் பின்பக்கம் இருக்கும் பட்டனை எட்ட முடியவில்லை. அதே ஆட்டம் கையடக்கக் கன்சோலுக்கும் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வாங்கி வந்துவிட்டேன். ஆட்டத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் திணிக்க என்னென்னவோ வெட்டியிருந்தார்கள். தெருவில் ஆட்களே இல்லை. தூரத்துக் கட்டடங்கள் மார்கழிப் பனியில் நின்றன. வில்லன் இட்லிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தான். இதெல்லாம் பரவாயில்லை. தாவுவதற்கான பட்டன் உளுந்து அளவுக்கு இருந்தது. அதையும் ஆள்காட்டி விரலால்தான் அழுத்தியாக வேண்டும்.

முதல் மாடியிலிருந்தே வீரன் பதினொரு முறை விழுந்தான். மச்சான் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அப்படியே மூன்று நாள். கூப்பிட்டால் சாப்பிட வருவான், பேச மாட்டான்.

நான்காம் நாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் ஆட்டத்தின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். இந்தக் கன்சோலுக்கென்றே ஒரு வசதி சேர்த்திருந்தார்கள்: விளிம்புக்கு வந்தால் வீரன் தானாகத் தாவுவான், எதிரி நெருங்கினால் தானாக அடிப்பான். பெயருக்கு ஏதாவது ஒரு பட்டனைத் தொட்டால் போதும். அதைப் போட்டுவிட்டேன்.

“மச்சான், அப்டேட் வந்துச்சுடா. அதான் பட்டன் அன்னைக்கு மக்கர் பண்ணியிருக்கு. இப்ப ஆடிப் பாரு.”

ஆடினான். வீரன் தாவினான். முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது.

“மாமா, வெரலு புடிக்குது மாமா.”

“நான்தான் சொன்னேன்ல.”

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யார் செட்டிங்கை மாற்றுவார்கள்? நான் மாற்றவில்லை. பந்து கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. “பந்து எங்கடா?” என்று அக்காக்காரி கேட்டதற்கு, “இதான்க்கா எக்சர்சைஸு” என்று கன்சோலைத் தூக்கிக் காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம், நான் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். “சார், கை ரெடி சார். திங்கக்கெழமயே டெஸ்ட் வச்சுக்கலாம் சார்.” அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறையத் தோசை இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. “போய் அந்த மெஷினப் பயமுறுத்திட்டு வா” என்று ஜோக் அடித்தேன்.

துணைக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். முதல் நட்டு விரலிலிருந்து நழுவி மேஜைக்கடியில் உருண்டது. இரண்டாவதும். மூன்றாவதைக் கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் எடுத்தான். எதிரில் இருந்த அதிகாரி மெதுவாகத் தலையசைத்து, மடங்காத அந்த இரண்டு விரல்களைச் சுட்டிக் காட்டினார். நேரம் முடிந்தபோது நாலு போல்ட்டில் நட்டு இருந்தது. தட்டு அப்படியே நிறைந்திருந்தது. அதிகாரி தண்ணீர் கொடுத்தார். மச்சான் குடிக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கூடுவாஞ்சேரி தாண்டியதும் கேட்டான்.

“வூட்ல நல்லாத்தான மாமா இருந்துச்சு. ஒரு தபா கூட அவன் கீழ வுழலியே.”

சொன்னேன். அப்டேட் எதுவும் வரவில்லை என்பதை, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தை, எல்லாவற்றையும். நடுவில் ஒரு ஜோக்கைச் செருகப் பார்த்தேன்; பாதியில் நின்றுவிட்டது.

“எத்தினி நாளா?”

“மொத மூணு நாள் தவிர எல்லா நாளும்.”

அவன் ஜி.எஸ்.டி. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டலூரில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பஸ் மறுபடியும் கிளம்பியது.

“மச்சான், திட்டவாவது திட்டுடா.”

“நீ மட்டும் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோ மாமா.”