இரண்டு தட்டு

மூச்சு வாங்க ஐந்தாம் மாடி வீட்டுக்குப் படியேறி வந்து, அந்த வீட்டு மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு நம்ம லிப்ட் அருமையா ஓடுது" என்று சர்டிபிகேட் கொடுப்பாள். அதில் ஏறுவது மட்டும் கிடையாது.

பல கட்டிடங்களில் லிப்ட் கூண்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள், அதன் அதிர்வை நெட் வழியாக அவள் அலுவலகத்துக்கு அனுப்பும். அது திரையில் பச்சைக் கோடாக நெளியும். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். அக்கம்பக்கத்தில் 'லிப்ட் டாக்டர்' என்று பெயர். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்வேன், எனக்குத்தான் பயம்" என்று அவளே சிரிப்பாள்.

போன மாதம் அவள் குடியிருக்கும் கட்டிடத்து லிப்ட்டின் கோடு மலைமலையாகக் குதித்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மாமியார் அந்நேரம் கீழே உலாவப் போயிருப்பார். வாட்ச்மேனுக்குப் போன் போட்டு லிப்ட்டை நிறுத்தச் சொன்னாள். உயிரைக் காப்பாற்றிய பெருமையில் ஒரு டீயும் குடித்தாள்.

பிறகுதான் திரையின் ஓரத்தில் அதிர்வின் நிஜ அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்தாள். ஏறக்குறைய பூஜ்யம். லிப்ட் சும்மா நின்றுகொண்டிருந்தது. அசைவே இல்லாதபோது, தூசியளவு நடுக்கத்தைக்கூடத் திரை தானாகவே பெரிதாக்கிக் காட்டும். 'எண்ணைப் பார்க்காமல் கோட்டை நம்பாதீர்கள்' என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவளே இவள்தான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். மாமியார் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். முட்டி வீங்கியிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"உன் படிப்பெல்லாம் என் முட்டியில இறங்கிடுச்சு, போ" என்றார் மாமியார். சற்று யோசித்துவிட்டு, "இனிமே நான் லிப்ட்ல ஏறினதும் சுவத்துல ரெண்டு தட்டு தட்டறேன். அப்புறம் உன் மலை எவ்வளவு குதிச்சாலும், நான் வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றார்.

வீக்கம் வடியும்வரை மாமியார் வாசலைத் தாண்டவில்லை. இனி நடப்பாரோ மாட்டாரோ என்ற பயத்தில் அவள் மற்ற லிப்ட்டுகளை மறந்து அந்த ஒரு கோட்டையே பார்த்துக் கிடந்தாள். மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினாள்.

இன்று காலை கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. உடனே இன்னொன்று. முதலில் ஓரத்து எண்ணைச் சரிபார்த்தாள். பிறகு விரலை மடக்கி, மேசையில் மெல்ல இரண்டு தட்டு தட்டினாள்.